தெருநாய் என்று எழுதிய சீட்டு

நாயை அவிழ்த்துவிட்டது நான்தான். ஊருக்குள் யாரோ இறந்துபோய் வெடி போட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது சங்கிலியோடு நடுங்கியது. பாவமாக இருந்தது. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த சீமை நாய், கன்றுக்குட்டி உயரம் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அவள் பின்வாசல் கதவைத் திறந்தாள். வாரம் முழுக்க பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிறவள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொழுவம் கூட்ட வருவாள். அடுத்த வெடி வெடித்ததும் நாய் பாய்ந்து அவள் வலது கையைக் கவ்விக்கொண்டது. நான் விறகுக்கட்டையால் அடித்த பிறகுதான் விட்டது.

அரசு ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். "யார் வீட்டு நாய்?" என்று டாக்டர் கேட்டார்.

"தெருநாய்ங்கய்யா. சந்துல வந்து கடிச்சிருச்சு" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

அப்படியே சீட்டில் எழுதினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நல்லவேளை என்றுகூட நினைத்தேன், வெட்கங்கெட்ட ஜென்மம்.

தையல் ஆறியது. இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. திரி செருக முடியாதவளைக் கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

தீபாவளிக்கு வந்த மகனிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். "நாய் வாங்குனப்பவே இன்சூரன்ஸ் போட்டிருக்கேம்மா. அது யாரையாச்சும் கடிச்சா நஷ்டஈடு குடுக்கிறதுக்கும் சேர்த்துத்தான்." வக்கீலைக் கேட்டோம். "கட்டி வைக்காதது உங்க குத்தம், கேஸ் வரும். அதுக்குத் துணிஞ்சாத்தான் அந்தம்மாவுக்கு ஏதாச்சும் கிடைக்கும். ஆனா சீட்டுல தெருநாய்னு இருக்கு. அவுக ஸ்டேஷனுக்கு வந்து மாத்திச் சொல்லணும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். ஸ்டேஷனில் மாற்றிச் சொன்னால் நஷ்டஈடு கிடைக்கும், நானும் கூட வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். இடது கையால் தட்டுத்தடுமாறி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா."

"ஏத்தா, நீ எதுக்கு அன்னிக்குப் பொய் சொன்ன?"

"எங்க வீட்டுக்காரருக்கு அடுப்பு வெடிச்சிருச்சுன்னு சொல்லச் சொன்னீகள்லம்மா. அதே ஆஸ்பத்திரி. வாயி அதுவா சொல்லிருச்சு."

மூன்று வருஷத்துக்கு முன்பு, எங்கள் தோட்டத்து ஷெட்டில், லைசென்ஸ் இல்லாமல் வெடி செய்ய என் கணவர் இடம் விட்டிருந்தார். அது வெடித்ததில் கருகியவன் அவள் புருஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் காதோரம் குனிந்து, அடுப்பு என்று சொல்லச் சொன்னவள் நான். மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். அவன் சீட்டில் இன்றைக்கும் அடுப்புதான் இருக்கிறது.

"இதை மாத்துனா அதையும் நோண்டுவாகம்மா. ஐயாவைத் தேடி வந்துருவாக. இந்த வயசுல அவுக தாங்க மாட்டாக."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பொய் அழுகை இல்லை. ஆனால் அவள் வேண்டாம் என்ற அந்த நொடியில் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். காரை நிறுத்தச் சொல்லவில்லை.