என் கையெழுத்தில் இருந்த தரம்

ஆசிரியர் பர்ஸைத் திறந்துவிட்டிருந்தார். அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நாணயக் கண்காட்சி. மேசைக்குப் பின்னால் நானும் என் மனைவியின் அண்ணனும். முன்னால், பூலாம்பாடியிலிருந்து வந்திருந்த பள்ளி ஆசிரியர். அவர் கையில் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய். அதன் உறையில் ‘புழங்காதது’ என்று எழுதியிருந்தது; அச்சடித்த பிறகு கை மாறாத காசு, அதனால் விலையும் அதிகம். எழுதியவன் நான்.

மச்சான் பழைய காசு சேர்ப்பவர், விற்கவும் செய்வார். எனக்கு ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் வேலை. கல்லைப் பார்த்துப் பழகிய கண் என்று சொல்லி, காசுகளுக்குத் தரம் எழுதும் வேலையை ஒரு வருடத்துக்கு முன் என்னிடம் கொடுத்திருந்தார். பளபளத்தால் நல்ல காசு என்பதற்குமேல் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகுதான் லென்ஸ் வாங்கினேன், புத்தகம் படித்தேன், கிடைத்த காசையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதலில் தேய்வது மேடான இடங்கள்: ராணியின் கன்னம், காதுக்கு மேலுள்ள முடி. அச்சடிக்கும்போதே வந்த மினுமினுப்பு, காசைச் சாய்க்கச் சாய்க்கச் சுற்றி ஓடும். தேய்த்து ஏற்றிய பளபளப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். இது புரிய ஆரம்பித்த நாளிலிருந்தே, முன்பு எழுதிக் கொடுத்தவை என்னை உறுத்தின. மச்சானிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆசிரியர் காசை என்னிடம் நீட்டினார். “நீங்கதான் தரம் பாக்குறவராமே. நம்பி எடுக்கலாங்களா?”

ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சம் ஓடவில்லை. காதுக்கு மேல் முடி இழைகள் ஒன்றோடொன்று மழுங்கிக் கிடந்தன. மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வேணாங்க சார். நான் தப்பா எழுதிட்டேன். இது புழங்கின காசு. யாரோ பாலீஷ் போட்டிருக்காங்க.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். மச்சான் உறையை வாங்கி, என் எழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, பையில் போட்டுக்கொண்டார். ஆசிரியர் பர்ஸை மூடினார். ஊர் திரும்பும் செந்துறை பஸ்ஸில் நானும் மச்சானும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். பாதி வழிவரை அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

“இத வூட்டுலயே சொல்லியிருக்கலாம்ல மாப்ள?”

“நெனச்சேன். தைரியம் வரலங்க மச்சான்.”



மறுநாள் காலை ஒரு டப்பாவோடு வந்தார். நான் தரம் எழுதிய அத்தனை காசும் அதில் இருந்தன. “எல்லாத்தயும் மறுபடி பாருங்க. என் மொகத்தப் பாத்து எழுத வேணாம்.” ஆறு காசுக்குத் தரம் இறங்கியது, ஒன்றே ஒன்றுக்கு ஏறியது. ஏறியதைச் சொன்னபோதும் அவர் முகம் மலரவில்லை. “நல்லாப் பாத்தீங்களா?” என்றார். நான் இன்னொரு முறை பார்த்தேன்.

இப்போது விற்கும் காசு எதுவும் என் கண்ணில் படாமல் போவதில்லை. ஆனால் நான் லென்ஸைக் கையிலெடுத்ததும் மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அவர் அங்குமிங்கும் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். நான் கூப்பிடும்வரை உள்ளே வரமாட்டார்.