ஸ்கேன் படத்தில் அறுந்திருந்த கோடு

என் தந்தை பேருந்து ஓட்டுநர். அவருடைய இடக்கண்ணில் விழித்திரையின் நடுவே ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை நடந்த ஆண்டில், நான் பசுமலையில் கல்லூரி மாணவன். பேச்சு மேடையில் தோற்றுப் பழகாதவன். சீட்டெடுப்பில் எந்த அணி விழுந்தாலும் அதுவே உண்மை என்று அரங்கத்தை நம்பவைப்பேன். எதிரணியின் வலுவான வாதத்தைச் சிறியதாக்கிக் கடந்துபோவதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். "ஆயிரம் பேரைப் பத்திரமாக ஊர் சேர்ப்பவரின் மகன் நான்" என்றுதான் ஒவ்வொரு உரையையும் தொடங்குவேன். அந்த வரிக்குக் கைதட்டல் தவறியதே இல்லை.

சிகிச்சைக்குப் பின் ஒரு வாரம் அவர் குப்புறவே கிடக்க வேண்டும் என்றார்கள். கண்ணுக்குள் நிரப்பிய வாயு அப்போதுதான் எழும்பி ஓட்டையை அழுத்தி மூடுமாம். கோச்சடை வீட்டில் அவர் தரையைப் பார்த்துப் படுத்திருக்க, அவருடைய முதுகைப் பார்த்து நான் ஒத்திகை நடத்தினேன். முடிந்ததும் கீழிருந்து குரல் வரும்.

"கை தட்டணும்னா எந்திரிக்கணும்டா. தட்டுனதா நெனச்சுக்க."

வாயு கரைந்த பிறகு மருத்துவமனையில் கண்ணை ஸ்கேன் எடுத்தார்கள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தந்தை வெளியே அமர்ந்திருந்தபோது, மருத்துவர் என்னை அழைத்துப் படத்தைக் காட்டினார்.

"ஓட்டை மூடிருச்சு தம்பி, அது நல்ல விஷயம். ஆனா கீழ இந்த வெள்ளக் கோடு நடுவுல அறுந்திருக்கு பாருங்க. வெளிச்சத்த வாங்குற செல்லுங்க உள்ள வரிசை இது. இப்படி இருந்தா நடுப்பார்வை திரும்புறது கஷ்டம். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா வண்டி ஓட்டுறத நம்பி இருக்க வேணாம்னு அப்பாட்ட நானே சொல்லிர்றேன்."

"நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன் டாக்டர்" என்றேன். பேசுவது என் வேலையல்லவா?

அன்று மாலை, தந்தையோடு பல ஆண்டுகள் ஒரே வண்டியில் போன நடத்துநர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, நம்ம டிப்போவுல டைம் கீப்பர் எடம் காலியா இருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள எழுதிக் குடுத்தா உங்களுக்குத்தான். விட்டா எவனாச்சும் அமுக்கிருவான்."

தந்தை என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா என்னடா சொன்னாங்க?"

மேசைக்குப் பின்னால் நேரம் குறித்துக்கொண்டிருப்பவரின் மகன் என்று மேடையில் எப்படித் தொடங்குவது? அந்த நொடியில் எனக்கு எழுந்த கேள்வி அதுதான். ஓட்டை மூடிவிட்டது, மூடிய இடத்தில் பார்வை வரும், வருகிற பார்வையை நம்பாமல் நாற்காலிக்கு ஓடுவது கோழைத்தனம் என்று ஏற்ற இறக்கத்தோடு பேசினேன்.

"மாப்ள, டாக்டருக்குப் படிச்சது நீயா, அவங்களா?" என்றார் நடத்துநர்.

மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த படத்தைத் தந்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பார்த்தார். "இந்தக் கோடு ஏன்டா நடுவுல விட்டுப்போயிருக்கு?"

"அது மிஷின்ல விழுற நெழல்ப்பா. ஓட்டை மூடிருச்சா இல்லையா, அதுதான் கேள்வி."

அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்திருந்தார். பிறகு நடத்துநரிடம், "வேணாம்னு சொல்லிரப்பா" என்றார்.

மூன்று மாதம் கழித்து நடந்த தகுதிச் சோதனையில், வலக்கண்ணை மூடச் சொன்னபோது, பலகையில் எந்த எழுத்தை நேராகப் பார்த்தாலும் அந்த எழுத்தே அவருக்கு மறைந்தது. டைம் கீப்பர் இடம் அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. தொலைவில், உசிலம்பட்டி டிப்போவில்தான் மாற்று வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை நாள்தோறும் விடியலில் கிளம்பி, ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் பயணியாகப் போய்வந்தார். மேடையில் என் தொடக்க வரியை நான் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

வயதில் அவருடைய வலக்கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. அவர் ஓய்வு பெறும் வாரத்தில், நிறுத்தம் வரை கூடவே நடந்துபோய், மருத்துவர் அன்று சொன்னதைச் சொன்னேன். நிழல் என்று நானாகச் சொன்னதையும் சொன்னேன்.

"நெழல் இல்லன்னு அன்னைக்கே தெரியும்டா" என்றார், சாலையிலிருந்து பார்வையைத் திருப்பாமல். "நீ அம்புட்டு நல்லாப் பேசிக்கிட்டிருந்த. நடுவுல நிறுத்த மனசு வரல."

பேருந்து வந்தது. எந்த ஊர்ப் பலகை என்று என்னிடம் கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.