தலையில் சோப்புடன் ஒரு புகார்

"திங்கள், காலை 7.42. பி பிளாக், மூன்றாம் மாடி. புகாரின் தன்மை: தலையில் சோப்பு. தண்ணீர் கடைசியாக வந்த நேரம்: சோப்புக்கு முன்."

எங்கள் மேடவாக்கம் குடியிருப்பின் தண்ணீர்ப் புகார்ப் பதிவேட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது. சங்கச் செயலாளராக இருந்தபோது, போனிலேயே நிரப்பும்படி அந்தப் படிவத்தை உருவாக்கியவன் நான். பன்னிரண்டு கேள்விகள், ஒன்றை விட்டாலும் அடுத்ததற்குப் போகாது. நாளும் நேரமும் இல்லாத புகாரை நான் புகாராகவே மதிப்பதில்லை.

அந்த வரி பதிவான நான்காவது நிமிடம் அழைப்பு மணி அடித்தது. இடுப்பில் துண்டு, தலை நிறைய நுரையோடு, ஒரு கண்ணை மூடியபடி மூன்றாம் மாடிக்காரர் நின்றார்.

"சார், ஒன்பதரைக்கு எனக்கு இண்டர்வியூ. ஆறு மாசமா வேலை இல்லை. டேங்கர் எங்கே?"

"பெரும்பாக்கம் ரோட்ல டிராஃபிக்ல நிக்குதாம். படிவத்தை முழுசா நிரப்பிட்டீங்களா?"

"நிரப்பிட்டேன். அது என்ன சொல்லுது பாருங்க."

போனை நீட்டினார். திரையில் வண்ணக் காகிதம் சிதற, ஒரு சிரிக்கும் முகம்: 'மிக்க மகிழ்ச்சி! இந்த நாள் இனிய நாளாகட்டும்!' ஜனங்களுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று நான்தான் சேர்த்திருந்தேன். பதிவேட்டைப் பார்த்தேன். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்ற கடைசிக் கேள்விக்கு, ஐந்து.

"அஞ்சு கொடுத்திருக்கீங்களே?"

"கண்ணு எரியுது சார். விரல் பட்ட இடமெல்லாம் நட்சத்திரம்."

"கேள்வி கேட்டது போதும், கேனைத் தூக்குங்க" என்று உள்ளேயிருந்து என் மனைவி அதட்டினாள்.

குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை எங்கள் குளியலறையில் அவர் தலையில் ஊற்றினேன். சும்மா இருக்க முடியாமல், என்ன வேலைக்கு என்று கேட்டேன்.

"ஆப் டிசைன் சார். போனைத் தொடுறவங்க எந்த மனநிலையில தொடுறாங்கன்னு புரிஞ்சு செய்யணும்."

என் கை நின்றுவிட்டது.

"ஊத்துங்க சார்!"

அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. இனிப்போடு வந்தவர், "உங்க படிவத்தைத்தான் சார் அங்கே உதாரணமா காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க" என்றார். அன்றே பதினொரு கேள்விகளை எடுத்துவிட்டேன். 'தண்ணீர் இல்லையா?' என்பது மட்டும் மிச்சம். ஆம் என்றால் டேங்கர் ஓட்டுநரின் எண் வரும். திரையில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

படிவத்தின் அடியில் 'உருவாக்கம்' என்று போட்டு என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதையும் காட்டினாரா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் இன்னொரு லட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். இந்த ஒரு தகவல் மட்டும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.