தட்டைக்கால் என்று சொன்னவர்

அந்த மாஸ்டரை எனக்குப் பிடிக்காது. ஏறக்குறைய இருபது வருடம் ஆகிறது, இன்னும் பிடிக்கவில்லை. வயதானால் பழைய கோபமெல்லாம் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளவும் விருப்பமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்தது. பி.ஏ. முடித்து இரண்டு வருடமாகியிருந்தது. ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைச் சாவி கொடுத்து வாங்கும் வேலை பார்த்தேன். பெண் போலீஸ் செலக்‌ஷன் வருகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். அம்மா ஒரே ஒரு தடவைக்குத்தான் சம்மதித்தாள். ஆகவில்லை என்றால் கீழ்பென்னாத்தூரில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. அவருடைய உரக்கடையில் உட்கார்ந்து சாயங்காலம்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே. விடிகாலையில் வீட்டிலிருந்து கிளம்பி, குபேர லிங்கம் வழியாக டவுன் கிரவுண்டுக்கு ஓடிப்போவேன். அங்கே அந்த மாஸ்டரிடம் செலக்‌ஷனுக்கு ஓட்டப் பயிற்சி. பிறகு செங்கம் ரோட்டில் வேலை. சாயங்காலம் அப்படியே மேற்கே நடந்து வீடு. ஆக, தினமும் ஒரு முழுச் சுற்று. போன வழியில் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். மலை வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், ரோட்டில் இடது ஓரமாகப் போக வேண்டும், மலையை ஒட்டிய ஓரம் சித்தர்களுக்கு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இது காலுக்கே தெரியும்.

மாஸ்டரும் அதே பாதையில்தான் ஓடுவார். தினமும் முழுச் சுற்று ஓடிவிட்டுத்தான் கிரவுண்டுக்குள் வருவார். வந்ததும் அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்கமாட்டார். வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துத்தான் நிற்பார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது மாதம் எனக்கு இடது முட்டியின் வெளிப்பக்கம் வலி ஆரம்பித்தது. முதலில் படி இறங்கும்போது, பிறகு பாதி ஓட்டத்திலேயே. மாஸ்டரிடம் சொன்னேன். ஷூவைக் கழற்றச் சொன்னார். வலது ஷூவைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"எல்லாரும் வந்து பாருங்க. உள்பக்கம் எப்படித் தேஞ்சிருக்குது பாரு. இதாம்மா தட்டக்காலு. மெடிக்கல்ல தூக்கிப் போட்டுடுவாங்க. நீ எதுக்கு வீணா ஓடிக்கினு இருக்கிற?"

"இடது ஷூவும் பாருங்க சார். அது வெளிப்பக்கம் தேஞ்சிருக்குது."

"அப்ப ரெண்டு காலும் கோணலு. ரொம்ப நல்லாப் போச்சு!"

பதினைந்து பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து கிரவுண்டில் எனக்குத் தட்டக்காலு என்று பெயர். ஒரு ஷூவைத் தூக்கிப் பார்த்து ஒருத்தியின் வாழ்க்கையை முடித்துவைக்க அவருக்கு அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது.

பிறகு பெரிய மனது பண்ணி ஒரு கடையைச் சொன்னார். அங்கே தட்டைப் பாதத்துக்கென்று உள்பக்கம் கெட்டியாக மேடு வைத்த ஷூ கிடைத்தது. போட்டுக்கொண்டு ஓடினேன். வலி ஜாஸ்தியானது. சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு ஓடினேன்.

கெஸ்ட் ஹவுஸில் அப்போது ஒரு வெள்ளைக்காரி தங்கியிருந்தாள். என் வயதுதான் இருக்கும். தியானத்துக்கு வந்தவள் மாதிரித் தெரியவில்லை. எப்போதும் யார்மேலாவது எரிந்து விழுந்துகொண்டே இருப்பாள். ஒரு நாள் வாசலில் நான் கழற்றி வைத்திருந்த ஷூக்களை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் செருப்பைத் தொடக் கூசாதவளைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிடுங்கப் போனேன். அவள் விடவில்லை. தன் ஊரில் ஓட்டக்காரர்களுக்கு ஷூ பொருத்திக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தவளாம். ஓடவைத்துப் பார்க்காமல் இந்த மேடு வைத்த ஷூவை உனக்கு எந்த முட்டாள் கொடுத்தான் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாஸ்டரை இன்னொருவர் முட்டாள் என்று சொல்லிக் கேட்டதில்தான் நான் நின்றேன்.

மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். வெறுங்காலை நனைத்து சிமெண்டுத் தரையில் நடக்கச் சொன்னாள். இரண்டு தடத்திலும் பாதத்தின் நடுவில் வளைவாக ஓர் இடம் நனையாமல் இருந்தது. தட்டைப் பாதம் என்றால் அது முழுக்க நனைந்திருக்கும் என்றாள். பிறகு ஓடச் சொல்லி, தரையோடு குனிந்து பின்னாலிருந்து வீடியோ கேமராவில் என் கணுக்கால்களைப் பிடித்தாள். அந்தச் சின்னத் திரையில் இரண்டும் நேராக விழுந்து நேராக எழுந்தன. அடுத்து ரோட்டில் ஓடச் சொன்னாள். நான் வழக்கப்படி இடது ஓரத்தில் ஓடினேன். இந்தத் தடவை வலது கணுக்கால் உள்ளே சாய்ந்தது, இடது வெளியே போனது. கால் அதே கால்தான். ரோடு மட்டும்தான் வேறு.

தண்ணீர் பாட்டிலை ரோட்டில் படுக்க வைத்தாள். அது உருண்டு இடது பக்கப் பள்ளத்தில் விழுந்தது. மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுவை உயர்த்தி ஓரத்தைச் சரித்துப் போட்டிருக்கிறார்கள். நான் மாதக்கணக்காக அந்த ஒரே சரிவில் ஓடியிருக்கிறேன். மேடு வைத்த ஷூ, ஏற்கெனவே வெளியே போன இடது காலை இன்னும் வெளியே தள்ளியிருக்கிறது. மேடு இல்லாத சாதாரண ஷூ வாங்கு, போன ஓரத்திலேயே திரும்பி ஓடி வா, சரிவு அடுத்த காலுக்கு மாறிவிடும் என்றாள்.

"இங்க யாரும் அப்படித் திரும்ப மாட்டாங்க" என்று ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அப்படியானால் வலியோடு ஓடு என்று சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது முட்டி வலியைவிட மோசம்.

மறுநாள் டவுனில் ஷூக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முறைக்க முறைக்க, ஒவ்வொரு ஜோடியையும் கண்ணாடி மேசைமேல் வைத்து, பின்னால் குனிந்து நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். ஏழாவது ஜோடி நின்றது. அதற்கடுத்த நாள் குபேர லிங்கம் தாண்டியதும் திரும்பினேன். மலை இடது கைப் பக்கம் வந்தது. தலை சுற்றவில்லை, இடி விழவில்லை. எதிரே வந்தவர்கள் மட்டும் பிணத்தைப் பார்த்தமாதிரி ஒதுங்கினார்கள்.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது.

"மலைய இடக்கைப் பக்கம் போட்டுக்கினு ஓடறியாமே? குடும்பம் வெளங்கணுமா வேணாவா?" என்றாள் அம்மா.

"முட்டி வலிக்குதும்மா. இதுக்கு மட்டும் வழி விடு."

"கீழ்பென்னாத்தூர்ல ஓட வேண்டிய வேலையே இல்ல, தெரிஞ்சிக்க."

அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஓடினேன். பாதி தூரம் போய், அதே ஓரத்தில் பாதி தூரம் திரும்பி, மீண்டும் போய். மூன்றாவது வாரம் வலி கம்மியானது. ஐந்தாவது வாரம் எந்த முட்டி வலித்தது என்றே யோசிக்க வேண்டியிருந்தது.

மாஸ்டர் காதுக்கும் போயிருந்தது. எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"எதிர்ச் சுத்து சுத்தறவ என் கிரவுண்டுல கால் வெக்கக் கூடாது. கூட இருக்கறவங்களுக்கும் ஆவாது."

"கிரவுண்டுல மட்டும் எங்கள எந்தப் பக்கம் சுத்த வெக்கிறீங்க சார்? நடுவு இடக்கைப் பக்கந்தான இருக்குது?"

உலகத்தில் எல்லா ஓட்டப் பந்தயமும் அப்படித்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள.

செலக்‌ஷனில் ஓட்டத்தில் தேறினேன். மெடிக்கலில் டாக்டர் என் பாதங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்தவளைக் கூப்பிட்டார். அந்த ஒன்றும் சொல்லாததைக் கேட்கத்தான் நான் அத்தனை மாதம் ஓடியிருந்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வெள்ளைக்காரி அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் எரிந்து விழுந்திருப்பாள்.

டிரெயினிங் முடிந்து லீவில் வந்தபோது கிரவுண்டு வாசலில் ஃபிளெக்ஸ் போர்டு. அதில் என் படம், கீழே ‘எங்கள் பயிற்சியில் வென்றவர்’. ரத்தம் கொதித்தது. நேராக உள்ளே போனேன். மாஸ்டர் குழாயடி சிமெண்டு மேடையில் உட்கார்ந்து வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் ஷூக்கள். சுற்றிப் புதிய பெண்கள். நான் ஒன்றும் கேட்காமல் ஷூக்களைத் திருப்பினேன். வலது உள்பக்கம் தேய்ந்திருந்தது. இடது வெளிப்பக்கம்.

"எல்லாரும் வந்து பாருங்க" என்றேன். "சாருக்கும் தட்டக்காலு."

பெண்கள் சிரித்தார்கள். அவர் கத்துவார் என்று தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை.

"தெரியும்மா" என்றார். "மிலிட்ரி செலக்‌ஷன் அப்ப எனக்கும் இதத்தான் சொன்னாங்க. ஓட்டத்துல நான்தான் மொத ஆளு. மெடிக்கல்ல எப்படியும் தூக்கிடுவாங்கன்னு நான் போவவே இல்ல."

எனக்கு இரக்கம் வரவில்லை. தனக்கு எது நடந்ததோ அதைத் தெரிந்தே எனக்கும் செய்தவர். முன்பைவிடக் கோபம்தான் வந்தது.

"காலை நனைங்க சார்" என்றேன்.

ஏனென்று கேட்காமல் குழாயைத் திறந்து நனைத்தார். சிமெண்டில் வைத்து எடுத்தார். குதிகால், விரல்கள், நடுவில் வளைவாக நனையாத ஓர் இடம். தட்டைப் பாதம் என்றால் அந்த இடமும் நனைந்திருக்கும் என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது நன்றாக வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் அடுத்த காலையும் நனைத்து வைத்துப் பார்த்தார். பெண்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

"போர்டை எடுத்துடுங்க சார்" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. வெயிலில் முதல் தடம் காய்ந்து மறைந்தது. அவர் மறுபடியும் குழாயைத் திறந்தார்.