புகாரே வராத தெரு

எங்கள் தெருவில் கரண்ட் போனால் யாரும் கரண்ட் ஆபீஸ் புகார் எண்ணுக்குப் போன் போட மாட்டோம். லைன்மேன் அண்ணனின் செல்லுக்கு நேராக அடிப்போம். ஓசூரில் பெரிய கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பட்டறைத் தெரு அது. புகார் எண்ணில் சொல்லி, அவர்கள் எழுதி, ஆபீசுக்குத் தகவல் போய், கடைசியில் அதே அண்ணன்தானே கம்பம் ஏற வேண்டும்? கன்னடத்தில் கூப்பிட்டாலும் தெலுங்கில் திட்டினாலும் மனுஷன் வந்துவிடுவார்.

எங்களுடையது பிளாஸ்டிக் மோல்டிங்; பிளாஸ்டிக்கை உருக்கி வண்டிகளுக்கான பாகங்களை வார்ப்போம். நானும் வீட்டுக்காரரும்தான் எல்லாம். ஓட்டத்தில் கரண்ட் போனால் உருகிய பிளாஸ்டிக் மெஷினுக்குள்ளேயே இறுகிவிடும். மறுபடி சூடாக்கித் தள்ளுவதற்குள் பாதி ஷிப்ட் நாசம். இப்படியே சரக்கு தாமதமாகி, இன்னொரு தடவை ஆனால் ஆர்டர் அத்திப்பள்ளியில் இருக்கிற இன்னொரு பட்டறைக்காரருக்குத்தான் என்று வண்டிக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு ஆர்டர். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கட்டண உயர்வு. கட்டணத்தை முடிவு செய்கிற ஆணையம் கூட்டம் போட்டு ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறது என்றார்கள். "உனக்குத்தான் வாய் இருக்கு, நீயே போ" என்றார் வீட்டுக்காரர். போனேன். "ஏத்துங்க சார், வேண்டாங்கல. மொதல்ல கரண்ட ஒழுங்கா குடுத்துட்டு ஏத்துங்க" என்று மைக்கில் ஒரு பிடி பிடித்தேன். கைதட்டினார்கள்.

கரண்ட் ஆபீஸ் அதிகாரி அசரவே இல்லை. "உங்க தெருவுல இருந்து இந்த வருஷம் ஒரு புகார்கூடப் பதிவாகலம்மா. கணக்குப்படி அங்க சப்ளை நல்லா இருக்கு" என்றார். அண்ணன் ஏறி இறங்கியதெல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லையா?

ஊர் வந்ததும் பட்டறை பட்டறையாகப் போய், "இனிமே புகார் நம்பருக்குத்தான் அடிக்கணும். எவனாச்சும் அண்ணனுக்குப் போன் போட்டீங்க, அவ்வளவுதான்!" என்று மிரட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வாரமே, சரக்கு பாதியில் இருக்கும்போது, கரண்ட் போனது. வீட்டுக்காரர் செல்லை எடுத்தார். பிடுங்கிப் புகார் எண்ணுக்கு அடித்தேன். காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏதோ பாட்டைப் போட்டார்கள். மெஷினில் சூடு இறங்கிக்கொண்டே வந்தது.

"இறுகிரும் புள்ள" என்றார். அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

புகார் எண்ணின் பாட்டைப் பாதியிலேயே கட் பண்ணிவிட்டு அண்ணனுக்கு நானே அடித்தேன். "தெருவே கூப்பிட்டுருச்சு தங்கச்சி, வந்துட்டேதான் இருக்கேன்" என்றார்.

சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்குப்படி அன்றைக்கும் எங்கள் தெருவில் கரண்ட் போகவே இல்லை.