சொம்பில் அப்படியே இருந்த தண்ணீர்

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். எல்லையில் மண் சரிந்து கால் நசுங்கி, பெரிய கட்டோடு முதுநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட். காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் படுத்தால் அடித்துப் போட்டாற்போல் தூங்குவேன்.

கட்டு மாற்ற வரும் நர்ஸ் ஒரு மத்தியானம் கையடக்கமான மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். என் கணவரின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். நான் அரைத்தூக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அடிபட்டன்னைக்கு மிலிட்டரி டாக்டருங்க கூடாரத்துலயே இத வெச்சிப் பாத்தாங்க. கிட்னி நல்லா இருக்குன்னாங்க" என்று இவர் சிரித்தார்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "இப்ப கிரியாட்டினின் ஜாஸ்தியா காட்டுது சார். கிட்னி பாதிப்பு, ஆரம்பந்தான். இன்னைக்கே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. வலி மாத்திரை போடுறீங்களே, தண்ணி குடிக்கிறீங்களா?"

காலையில் நான் வைத்த சொம்பு நிறைந்தபடியே இருந்தது.

"குடிச்சா ஒண்ணுக்குப் போவணும். அதுக்கு இவள எழுப்பணும். ராத்திரி பூரா நின்னுட்டு வரா, பாவம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம்தான் வந்தது. சிதம்பரம் போகும்வரை தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தேன்.

சீக்கிரம் தெரிந்ததால் சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் பகலில் என்னை எழுப்புகிறார். அலுப்பில் கண்ணைத் திறக்க முடிவதில்லை. ஆனால் அவர் கூப்பிடாவிட்டால், நானே விழித்து, எழுந்துபோய்ச் சொம்பைப் பார்க்கிறேன்.