பாலத்துக்குப் பிறகு இரண்டு தட்டு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது என் அக்காவுக்கும் மாமாவுக்கும் நிஜமாக நடந்தது. மாமா பேருந்து ஓட்டுநர். மணி பார்த்தே பழகியவர். அதனால் இதில் வரும் நேரமெல்லாம் அவர் சொன்னபடியே. எனக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லத் தெரியாது.

ஆறு நாள் நடக்கிற மலைப்பாதை அது. பள்ளத்தாக்கின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும். ஒரு நாள் நடைக்கு ஒரு கொட்டகை, அதற்கு ஒரு காவலாளி. நடுவில் மருந்துக்குக்கூட வீடு கிடையாது. நான்காம் நாள் காலை அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற தொண்டை. இப்போது வெறும் காற்றுதான் வந்தது.

"எட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் சாமி கண்ணைத் தொறந்திருக்கு" என்றார் மாமா. கிண்டல் இல்லாமல் அவர் வாயில் ஒரு வார்த்தை வராது. அக்கா கைத்தடியால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிற்பகல் 3.30. மூடுபனி இறங்கியது. ஒற்றையடிப் பாதை. மாமா முன்னால், அக்கா பின்னால்.

"நான் 'இருக்கியா'ன்னு கேப்பேன். நீ தடியால பாறையில ரெண்டு தட்டு."

3.50. மாமா மரப்பாலத்தைக் கடந்தார். கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது.

"இருக்கியா?"

டக்... டக்.

நிம்மதியாக நடந்தார். 4.20க்குக் கேட்டார். தட்டு வந்தது. 4.35க்கும் வந்தது. ஆனால் ஏதோ உறுத்தியது. பாறை முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. காலடியில் வெறும் சேறு. சேற்றில் தட்டினால் எப்படி 'டக்' என்று கேட்கும்?

நின்றார். பின்னால் காலடிச் சத்தமே இல்லை.

4.48. கேட்க வாயைத் திறந்தார். இன்னும் கேட்கவில்லை...

டக்... டக்.

"ஏய், விளையாடாத..."

"இருக்கேங்க."

அக்காவின் குரல். தெளிவாக. பத்தடி தூரத்தில்.

காலையிலிருந்து அவளுக்குக் குரலே இல்லை.

ஓடிவிடலாம். கொட்டகை முன்னால்தான். ஆனால் அக்கா பின்னால் இருக்கிறாள். அந்தக் குரலுக்கும் பின்னால்.

மாமா திரும்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு குரலை நோக்கியே நடந்தார்.

"இருக்கேங்க..."

காதருகில்.

"இருக்கேங்க..."

முதுகுக்குப் பின்னால்.

நிற்கவில்லை.

5.40. பாலத்தின் பலகையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கைப்பிடிக் கயிற்றை இறுகப் பிடித்திருந்தாள். மாமாவைக் கண்டதும் மிரண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அடி லூசு, நான்தான்! உன்னத் தூக்கிச் சுமக்க நான் என்ன கழுதையா? எந்திரி!"

அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள்.

பாலத்தில் ஏறியதுமே கால் பிசகி விழுந்தாளாம். தடி அப்போதே ஓடையோடு போய்விட்டது. மாமா முதல் தடவை கேட்பதற்கு முன்பே.

அன்று கொட்டகையில் கிசுகிசுப்பாகச் சொன்னாள். "மூணு தடவை வந்தீங்க. பாலத்துக்கு இடப்பக்கம் நின்னு கையை நீட்டி, 'வாம்மா, மெதுவா வா'ன்னீங்க."

மறுநாள் காலை 7.15க்குப் பனி விலகியது. மாமாவும் காவலாளியும் போய்ப் பார்த்தார்கள். பாலத்துக்கு இடப்பக்கம் நிற்க இடமே இல்லை. நேராக எண்பதடிப் பள்ளம்.

மாமா திரும்பி வந்ததும் அக்காவிடம் கேட்டார். "அப்புறம் ஏன் நீ போகல?"

"ஒரு தடவைகூடக் கிண்டல் பண்ணலையே" என்றாள் அக்கா. "அவ்வளவு அன்பா கூப்பிட்டா அது எப்படி நீங்களா இருக்கும்?"

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல். பார்க்கப் போயிருந்தேன். பகல் 11.20. கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது சமையலறையிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"வாம்மா... மெதுவா வா."

பழைய கதையை வைத்துக் கேலி செய்கிறார் என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாமா அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே பேருந்து எடுக்கப் போய்விட்டார்.